சுவர் யாருடையது?



'சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்' என்று நம் முன்னோர் கூறிச் சென்றனர். உடல்நலத்தைப் பேணாமல் ஓடியாடி உழைப்பவரைக் கண்டிக்கும்போது இம்மொழியை எடுத்தாள்வது நம் வழக்கம். இத்திங்கள் அதன் நேர்ப்பொருளையே எடுத்துக்கொண்டு பேச விழைகிறேன். ஒரு சுவரைப் பற்றியும், அதில் சித்திரம் எழுதிய ஒரு சிறுவனைப் பற்றியும், அவனுக்குத் தண்டம் விதித்த அவையில் உடன்பட்டுத் தலையசைத்த என்னைப் பற்றியும் கூற வேண்டியுள்ளது.

எங்கள் மஹல்லாவில் மதரஸாவின் பின்புறச் சுவர் ஒரு குறுகிய சந்தைப் பார்த்து நிற்கிறது. நோன்பு வருவதற்கு முன் ஆண்டுதோறும் அதற்குச் சுண்ணாம்பு அடிப்போம். இவ்வாண்டு அடித்த நான்காம் நாள், அடுப்புக்கரியால் அச்சுவரில் ஒரு பெரிய கப்பல் வரையப்பட்டிருந்தது. வரைந்தவன் பதினான்கு வயதுச் சிறுவன், தந்தையை இழந்தவன். அவனுடைய தாயார் விடியற்காலையில் இடியாப்பம் அவித்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றி வருபவர். வரைந்த படத்தின் கீழே தன் பெயரையும் எழுதி வைத்திருந்ததால் அவனைக் கண்டுபிடிக்க எவரும் துப்பறிய வேண்டியிருக்கவில்லை.

அன்றிரவு கூடிய பெரியவர்கள் ஐந்நூறு ரூபாய் தண்டம் விதித்தார்கள். 'இன்று விட்டால் நாளை ஊர்ச் சுவர்களெல்லாம் பாழாகும்' என்றார் ஒருவர். அது நியாயமாகவே எனக்குப் பட்டது. நானும் தலையசைத்தேன்.

மூன்றாம் நாள் அந்தத் தாயார் பத்து ரூபாய்த் தாள்களாகவும் சில்லறைகளாகவும் ஐந்நூறு ரூபாயைக் கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். "எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், காக்கா" என்றார். எண்ணி முடிக்கும்வரை நின்றார். பிறகு, சினமோ அழுகையோ இல்லாத குரலில் ஒன்று கேட்டார்: "அதே சுவரில் தேர்தல் நேரத்தில் சுவரொட்டி ஒட்டினார்கள். சினிமாப் படம் ஒட்டினார்கள். இருட்டினால் ஆண்கள் அங்கேயே ஒதுங்குகிறார்கள். அவர்களிடமெல்லாம் எவ்வளவு தண்டம் வாங்கினீர்கள், காக்கா?"

எனக்கு விடை கிடைக்கவில்லை. அவர் சலாம் கூறிப் போய்விட்டார்.

அன்பர்களே! அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்த நாட்களில்தான், பிலடெல்பியா நகரத்தைப் பற்றி முன்பு படித்து வைத்திருந்த செய்திகள் என் நினைவில் எழுந்தன. அவற்றை மீண்டும் தேடி எடுத்துப் படித்தேன். சுவரில் கிறுக்கிய பிள்ளைகளை என்ன செய்வது என்ற வினா எங்கள் சந்துக்கு வருவதற்குப் பல்லாண்டுகள் முன்பே அம்மாநகரத்தின் முன் வந்து நின்றது. அது கண்ட விடையை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள பிலடெல்பியாவை 1682இல் வில்லியம் பென் நிறுவினார். கிரேக்க மொழியில் அப்பெயருக்குச் 'சகோதர நேசம்' என்று பொருள். ஒரு காலத்தில் துணி ஆலைகளும் இயந்திரத் தொழிற்சாலைகளும் நிறைந்து, வேலை தேடி வந்தவர்களுக்கெல்லாம் இடமளித்த ஊர் அது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வசதியுடையோர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். 1950இல் 20 இலட்சத்தைக் கடந்திருந்த மக்கள் தொகை 2000ஆம் ஆண்டில் சுமார் 15 இலட்சமாகச் சுருங்கியது. எஞ்சியோரில் ஏழைகள் பலர். கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த வடக்குப் பகுதியில் தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீடுகள் இடிந்தன. இடிந்த மனைகளில் குப்பை மலையாகக் குவிந்தது. போதைப் பொருள் வணிகம் அங்கே கூடாரம் அடித்தது.

இங்கே கட்டட அமைப்பைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். நம்மூர் அக்ரகாரங்களிலும் பழைய மரைக்காயர் தெருக்களிலும் இருப்பதைப் போல, பிலடெல்பியாவின் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டப்பட்டவை. பக்கச் சுவர் வெளியே தெரியாது. இடையில் ஒரு வீடு இடிந்து விழுந்தால், அடுத்த வீட்டின் பக்கச் சுவர் இரண்டு மூன்று மாடி உயரத்திற்குச் சன்னலோ கதவோ இன்றி மொட்டையாக வெளிப்படும். அவ்வாறு வெளிப்பட்ட ஒவ்வொரு மொட்டைச் சுவரும் அத்தெருவில் ஒரு குடும்பம் இல்லாமற் போனதற்குச் சான்று. பிற்காலத்தில் ஓவியங்கள் எழுந்தவற்றுள் மிகப் பலவும் இத்தகைய சுவர்களே.

1960களின் இறுதியிலேயே அந்நகரத்து இளைஞர்கள் தெளிப்பு வண்ணத்தால் சுவர்களில் தங்கள் பெயர்களை எழுதத் தொடங்கிவிட்டனர். எவரும் தம்மைக் கண்டுகொள்ளாத ஊரில், 'நானும் இங்கே இருக்கிறேன்' என்று அறிவிக்க அவர்கள் கண்ட வழி அது. ஊராருக்கோ அது பெருந்தொல்லை. இரயில் பெட்டி, பாலம், பள்ளிக்கூடம், வழிபாட்டு இல்லம் எதுவும் தப்பவில்லை.

1984இல் மேயர் பொறுப்பை ஏற்றார் வில்சன் குட். அந்நகரத்தின் முதல் கறுப்பின மேயர் அவர். அவ்வாண்டே கிறுக்கல் தடுப்பு அமைப்பு ஒன்றை ஏற்படுத்தினார். பிடிபட்ட பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்புவதோடு நில்லாமல், இனி எழுதுவதில்லை என்று உறுதிமொழிப் பத்திரத்தில் ஒப்பமிட்டு வருவோர்க்கு மன்னிப்பு அளிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. எழுதியவர்களைக் கொண்டே சுவர்களைத் துடைக்கச் செய்தார்கள். இதுவரை நம்மூர்ப் பெரியவர்களும் ஒப்புக்கொள்ளக் கூடியதே.

அவ்வமைப்பில் பணியில் சேர்ந்தார் ஜேன் கோல்டன் என்ற இளம் ஓவியர். லாஸ் ஏஞ்சல்ஸில் சுவரோவியங்கள் வரைந்த பழக்கம் அவருக்கு இருந்தது. துடைப்பமும் வாளியுமாக வந்து நின்ற பிள்ளைகளோடு பேசிப் பழகியபோது அவர் ஒன்றைக் கவனித்தார். இவர்களில் பலருக்குக் கோடும் வண்ணமும் இயல்பாகவே கைவந்திருந்தன. இருட்டில், அச்சத்தோடு, சில நிமிடங்களில் எழுதி முடித்து ஓடிய கைகள் அவை. அதே கைகளுக்குப் பகல் வெளிச்சமும் சாரமும் நல்ல வண்ணமும் கொடுத்தால் என்ன என்று கேட்டார். துடைத்த சுவரில் அப்பிள்ளைகளைக் கொண்டே ஓவியம் வரையும் பணி இவ்வாறு தொடங்கியது.

1996இல் இப்பணி தனித்ததொரு சுவரோவியத் திட்டமாக நகராட்சியின் கீழ் அமைக்கப்பட்டது. ஜேன் கோல்டன் பல பத்தாண்டுகள் அதனை வழிநடத்தினார். அந்நகரத்தில் இதுவரை 4,000க்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் அத்திட்டத்தின் வழியாக எழுந்துள்ளன.

எண்ணிக்கையைக் காட்டிலும் நாம் கருத்தூன்ற வேண்டியது அவர்கள் பின்பற்றிய நடைமுறை. ஓவியர் ஒருவர் திடீரெனத் தெருவுக்குள் நுழைந்து தமக்குத் தோன்றியதை வரைந்துவிட்டுப் போவதில்லை. முதலில் தெருவார் விண்ணப்பிக்க வேண்டும். சுவரின் உரிமையாளர் எழுத்தில் இசைவு தர வேண்டும். பிறகு பள்ளிக்கூடத்திலோ வழிபாட்டு இல்லத்திலோ கூட்டம் நடக்கும். 'இந்தச் சுவரில் நீங்கள் எதைக் காண விரும்புகிறீர்கள்?' என்று கேட்பார்கள். ஒருவர் தம் பாட்டியின் தோட்டத்தைக் கூறுவார்; ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட மகனை நினைவுகூர்வார்; மற்றொருவர், ஓவியமே வேண்டாம், குப்பையை அள்ளினால் போதும் என்பார். இவை அனைத்தையும் கேட்டபின் ஓவியர் ஒரு மாதிரி வரைந்து காட்டுவார். பிடிக்கவில்லையானால் திருத்துவார். திங்கள்கள் பல கடந்த பின்னரே வண்ணக் குவளை திறக்கப்படும்.

வரையும் முறையிலும் ஒரு நல்ல உத்தி உண்டு. சுவரில் ஏறி நின்று வரைய எல்லாராலும் இயலாது. ஆகவே, பாராசூட் துணி என்று அவர்கள் அழைக்கும் மெல்லிய துணியைச் சதுரங்களாக வெட்டுவார்கள். மாதிரி ஓவியத்தை ஒளிபாய்ச்சிப் பெரிதாக்கி, ஒவ்வொரு சதுரத்திலும் அதற்குரிய பகுதியைக் கோடுகளால் குறித்து, எந்த இடத்தில் எந்த வண்ணம் என்பதை எண்ணிட்டு விடுவார்கள். பிறகு அத்துணிகள் பள்ளிக்கும் முதியோர் இல்லத்திற்கும் மருத்துவமனைக்கும் செல்லும். தூரிகையைத் தொட்டறியாதவரும் எண்ணைப் பார்த்து வண்ணம் தீட்டிவிடலாம். சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் மூதாட்டியும் மூன்றாம் வகுப்புச் சிறுமியும் ஒரே ஓவியத்தில் பங்கு கொள்ளலாம். எல்லாச் சதுரங்களும் திரும்பி வந்தபின் அக்ரிலிக் பசையால் அவற்றைச் சுவரில் ஒட்டி இணைத்துவிடுவார்கள். அது துணி என்று கிட்டே போய்ப் பார்த்தாலும் எளிதில் தெரியாது.

பிலடெல்பியாவின் வரைபடத்தை விரித்து ஜெர்மன்டவுன் அவென்யூ என்ற ஒரே ஒரு தெருவின் மீது விரலை வைத்துத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துங்கள். நாம் நின்று பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று அங்கே உள்ளன.

முதலாவது, அல்அக்ஸா இஸ்லாமியச் சங்கத்தின் பள்ளிவாசல். முன்பு மரச்சாமான் கிடங்காக இருந்த கட்டடத்தைத் தொழுமிடமாக ஆக்கிக்கொண்ட ஜமாஅத் அது. வெளியே பார்ப்பவர்க்கு அது ஒரு பெரிய, மங்கிய கிடங்குதான். 2001 செப்டம்பரில் நிகழ்ந்த பயங்கரத்துக்குப் பின் அமெரிக்க முஸ்லிம்கள் எத்தகைய பார்வைகளுக்கு ஆளாயினர் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. அக்காலத்தில்தான், பள்ளிவாசலின் வெளிச்சுவரை அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து அழகுபடுத்தும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டது. 'அமைதிக்கான வாயில்கள்' என்று பொருள்படும் பெயர் அதற்கு. ஜோ பிரென்மன், கேத்லீன் ஹியூஸ், அதப் இப்ராஹீம் ஆகிய கலைஞர்கள் அதற்கு வழிகாட்டினர். வெவ்வேறு சமயத்தைச் சேர்ந்த அண்டை வீட்டார் பள்ளிவாசலுக்கு வந்து அமர்ந்து களிமண் ஓடுகளுக்கு வண்ணமிட்டனர். நம் மரபுக்கு இசைந்த வடிவியல் கோலங்களும் அரபு எழுத்தணியும் அச்சுவரில் இடம்பெற்றன. உயிருருவம் எதுவும் தீட்டாமலே தெருவுக்கு அழகு சேர்க்க இயலும் என்பதைக் குர்துபாவும் இஸ்பஹானும் எப்போதோ காட்டிவிட்டன. அதனை ஓர் ஏழைப் பகுதியின் கிடங்குச் சுவரில், பக்கத்து வீட்டாரின் கைகளைக் கொண்டே செய்து காட்டியதுதான் இங்கே புதிது. அறிமுகமில்லாத வாசலைத் தாண்டி உள்ளே வருவதற்கு அவர்களுக்கு அந்த ஓடுகள் ஒரு காரணமாயின.

விரலை இன்னும் வடக்கே நகர்த்தினால் இரண்டாம் இடம் வரும். 1986இல் லில்லி யே என்ற சீன வமிசத்து ஓவியப் பேராசிரியையை, ஆர்தர் ஹால் என்ற நடனக் கலைஞர் அழைத்தார். தம் கலைக்கூடத்தின் அருகே குப்பை மேடாகக் கிடந்த மனையை ஒரு பூங்காவாக்கித் தருமாறு வேண்டினார். கையில் இருந்ததோ 2,500 டாலர் அரசு நல்கை. 'பிள்ளைகள் எல்லாவற்றையும் உடைத்துவிடுவார்கள், இங்கே எதுவும் நிலைக்காது' என்றே அவரிடம் பலரும் கூறினர். அஞ்சிய மனத்தோடுதான் அவரும் அங்கே போனார். அவர் குப்பையை அகற்றத் தொடங்கியதும் முதலில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அப்பகுதிப் பிள்ளைகள்தாம். அவர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார். பிறகு வண்ணத்தைக் கொடுத்தார். எதை உடைப்பார்கள் என்று சொல்லப்பட்டதோ அதை அவர்களே கட்டினார்கள்.

அங்கே சிற்பங்களையும் சுவர்களையும் அணிசெய்யத் தேர்ந்தெடுத்த பொருள் உடைந்த ஓட்டுச் சில்லுகள். விலை குறைவு, மழைக்கும் பனிக்கும் அசையாது, ஒருவர் கற்றுக்கொண்டால் பத்துப் பேருக்குக் கற்பிக்கலாம். போதைப் பழக்கத்தில் ஆண்டுகள் பலவற்றைத் தொலைத்திருந்த ஜேம்ஸ் மாக்ஸ்டன் என்பவர், அச்சில்லுகளைப் பதிக்கக் கற்று, அப்பழக்கத்திலிருந்து மீண்டு, பின்னர் பிறருக்கு ஆசானாகவும் விளங்கினார். அங்கே அமைந்த பூங்காக்களுள் ஒன்று சீனத் தோட்டங்கள், இஸ்லாமிய முற்றங்கள், மேற்கு ஆப்பிரிக்கக் கட்டடக் கலை ஆகியவற்றின் சாயலில் எழுந்தது. கலை, மானுடவியல் கிராமம் என்ற பெயரில் வளர்ந்த அவ்வமைப்பு, நூற்றுக்கும் மேற்பட்ட பாழ்மனைகளைத் தோட்டங்களாகவும் பூங்காக்களாகவும் மாற்றியது; பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்திற்குப் பின் வகுப்புகள் நடத்தியது; 2001இல் நகர்ச் சீரமைப்புக்கான ரூடி புரூனர் விருதின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது.

மூன்றாம் இடத்தில் நம் நெஞ்சம் கனக்கும். பிலடெல்பியாவுக்கு வெளியே கிரேட்டர்ஃபோர்டு என்னுமிடத்தில் ஒரு பெருஞ்சிறை இருந்தது. 2018இல் அது மூடப்பட்டது. அங்கே ஆயுள் தண்டனை அனுபவித்த கைதிகளுக்குச் சுவரோவிய வகுப்பு நடைபெற்று வந்தது. அவர்களால் வெளியே வந்து சாரத்தில் ஏற முடியாது. ஆனால் மேலே கூறிய துணிச் சதுரங்கள் சிறைக்குள் போக முடியும். கொலையால் உறவினரை இழந்த குடும்பத்தாரும் கைதிகளும் சேர்ந்து ஓர் ஓவியம் படைக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. இரு தரப்பினரும் சிறைக்குள் சந்தித்தனர். எளிதில் கண்ணீர் மல்கிக் கைகோத்துக்கொண்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அதுவன்று. ஒரே சுவரில் தம் வேதனையும் அவர்களுடைய வருத்தமும் அருகருகே நிற்பதை இழந்தவர்களால் ஏற்க இயலவில்லை. கடுமையான சொற்கள் பிறந்தன. இறுதியில் ஒரு சுவருக்குப் பதிலாக இரண்டு சுவர்கள் என்று முடிவாயிற்று. 2004இல் 'கைதிகளின் பயணம்', 'பாதிக்கப்பட்டோரின் பயணம்' என்று பொருள்படும் பெயர்களோடு ஜெர்மன்டவுன் அவென்யூவில் அவ்விரண்டும் எழுந்தன. செசார் விவெரோஸ் என்ற ஓவியர் முன்னின்று அமைத்துத் தந்தார். அண்டை அண்டையாக நிற்கும் அவை ஒன்றில் ஒன்று கலக்கவில்லை. பொய்யான சமாதானத்தைக் காட்டிலும் அந்த இடைவெளி நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது.

இவையெல்லாம் அழகுக்காகச் செய்யப்பட்ட ஆடம்பரம் என்று எவரேனும் கூறக்கூடும். யேல் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் ஆய்வாளர்கள், மனநலத் துறையோடு இணைந்து அந்நகரில் வரையப்பட்ட சுவரோவியங்களின் பயனை ஆராய்ந்து 2015இல் அறிக்கை வெளியிட்டனர். ஓவியங்கள் எழுந்த பகுதிகளில் வாழ்வோரிடையே, 'நாம் சேர்ந்து எதையேனும் செய்ய முடியும்' என்ற நம்பிக்கையும் ஒருவர் மீதொருவர் கொண்ட பற்றும் கூடியிருப்பதை அவர்கள் கண்டனர். அந்நம்பிக்கை ஓவியத்தைப் பார்த்ததால் மட்டும் வந்ததா, அல்லது அதற்காகக் கூடிப் பேசிய இரவுகளால் வந்ததா என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

நாணயத்தின் மறுபக்கத்தையும் காட்டாவிட்டால் நான் நேர்மையாளன் ஆகேன். வறுமை ஓவியத்தால் ஒழிந்துவிடவில்லை. வடக்கு பிலடெல்பியாவின் ஏழ்மை இன்றும் அந்நகரத்தின் பெருஞ்சுமையே. வெயிலும் மழையும் வண்ணத்தை அரிக்கின்றன. இருபது முப்பது ஆண்டுகளில் சுவர் மீண்டும் பழுதாகிறது. சில பகுதிகளில் நிலமதிப்பு ஏறியதும் பாழ்மனைகளில் புதுக் கட்டடங்கள் எழும்பி, அருகிருந்த ஓவியங்களை மறைத்துவிட்டன. அவற்றை வரைந்த ஏழைகளோ வாடகை கொடுக்க இயலாமல் வேறிடம் தேட வேண்டியதாயிற்று.

யாரை வரைவது என்பதிலும் பூசல் உண்டு. முன்னாள் காவல்துறை ஆணையரும் 1972 முதல் 1980 வரை மேயருமாக இருந்த பிராங்க் ரிசோவின் பெரிய உருவம் 1995இல் ஒரு கடைத்தெருச் சுவரில் வரையப்பட்டது. ஒரு சாராருக்கு அவர் வீரர். கறுப்பின மக்கள் பலருக்கோ அவர் காவல்துறைக் கொடுமையின் அடையாளம். அவர்கள் கால்நூற்றாண்டுக் காலம் அந்த முகத்தைக் கடந்தே நடந்தார்கள். ஜார்ஜ் பிளாய்டு காவலரால் கொல்லப்பட்டதை எதிர்த்து நாடே கிளர்ந்தெழுந்தபோது, 2020 ஜூன் 7 அன்று அவ்வுருவம் வண்ணம் பூசி மறைக்கப்பட்டது. ஒரு சுவர் எல்லாருடைய கண்ணிலும் படுகிறது. ஆகவே அதில் எது இருக்கலாம் என்று கூறும் உரிமை எல்லாருக்கும் உண்டு. சிலரை மட்டும் கேட்டு எழுதினால் மற்றவர்கள் ஒருநாள் கணக்குக் கேட்பார்கள்.

'எவ்வளவு தண்டம் வாங்கினீர்கள், காக்கா?' என்று அந்தத் தாயார் கேட்டதும் இதே கணக்குத்தான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த வாரம் கூடிய கூட்டத்தில் எழுந்து, நான் தலையசைத்தது தவறு என்று ஒப்புக்கொண்டேன். சுவரொட்டி ஒட்டியவர்களிடம் நாம் வாய் திறக்கவில்லை, அவர்கள் வலியவர்கள். ஒதுங்கியவர்களிடம் வாய் திறக்கவில்லை, அவர்கள் நாம்தாம். தகப்பனில்லாத பிள்ளையிடம் மட்டும் நம் நீதி கூர்மையாக இருந்தது என்றேன். சிலர் முகஞ்சுளித்தனர். 'வெள்ளைக்காரன் ஊர்க் கதை நமக்கு எதற்கு?' என்றார் ஒருவர். முத்தவல்லி மட்டும் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பையன் சுவரைத் தானே வெள்ளையடிக்கட்டும். அதற்குப் பிறகு அந்தச் சுவரை என்ன செய்வதென்று சந்தில் குடியிருப்பவர்களைக் கேட்போம்" என்றார்.

கேட்டோம். ஆண்களை மட்டும் கேட்டுவிட்டு வரவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் வீடு வீடாகச் சென்று பெண்களையும் கேட்டு வந்தார்கள். அவர்கள் கொண்டு வந்த விடை என்னை நாணச் செய்தது. சந்தில் குடியிருக்கும் பெண்களுள் எவரும் முதலில் ஓவியம் வேண்டும் என்று கூறவில்லை. விளக்கு வேண்டும் என்றார்கள். சுபுஹுக்கு முன் தண்ணீர் எடுக்கப் போகும்போது அந்தச் சுவரோரம் கும்மிருட்டு. கால் வைக்க அருவருப்பு. யார் நிற்கிறார்கள் என்பதும் தெரிவதில்லை. எத்தனையோ ஆண்டுகளாக இருக்கும் குறை அது. அவர்கள் எவரிடமும் கூறவில்லை. எவரும் அவர்களைக் கேட்கவில்லை. மதரஸாவின் சுவர் வெண்மையாக இருக்கிறதா என்பதைப் பார்த்த நாங்கள், அதனருகே நடப்பவர் எப்படி நடக்கிறார் என்பதைப் பார்க்கவில்லை.

இப்போது அங்கே விளக்கு போட்டாயிற்று. ஒதுங்குபவர்கள் வெளிச்சத்தைக் கண்டு விலகிவிட்டார்கள். சுவரை அந்தச் சிறுவனே இரண்டு தோழர்களோடு வெள்ளையடித்தான். கரிக்கப்பலின் மீது மூன்று முறை சுண்ணாம்பு பூசியும் பாய்மரத்தின் நிழல் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. என்ன வரையலாம் என்பது முடிவாகவில்லை. வண்ண ஓடுகளால் கோலம் பதிக்கலாம் என்கிறார் ஒருவர். அலிஃப், பே தொடங்கி அரபு எழுத்துகளையும், அ, ஆ தொடங்கித் தமிழ் எழுத்துகளையும் பெரிதாக எழுதினால் சிறு பிள்ளைகளுக்குப் பயன்படும் என்கிறார் ஓர் உஸ்தாத். உயிரற்ற பொருள்தானே, கப்பலே இருக்கட்டும் என்று கூறுவோரும் உள்ளனர். பேச்சு நீண்டுகொண்டே போகிறது. போகட்டும். இத்தனை பேர் ஒரு சுவரைப் பற்றி இத்தனை நாள் பேசியது எங்கள் மஹல்லாவில் இதுவே முதன்முறை.

வாசக அன்பர்களே! உங்கள் தெருவிலும் ஒரு மொட்டைச் சுவர் இருக்கும். அதில் கிறுக்கிய ஒரு பிள்ளையும் இருப்பான். அவனை அழைத்துக் கண்டிக்க வேண்டியதைக் கண்டியுங்கள்; அது பெரியோர் கடமை. அதற்குப்பின், அவன் என்ன வரைந்தான் என்பதையும் ஒரு முறை நின்று பாருங்கள். நாங்கள் கூடிப் பேசிய முதல் இரவில், அந்தக் கப்பலில் எத்தனை பாய்கள் இருந்தன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நேற்று அவனிடம் கேட்டேன். "ஐந்து, மாமா. ஆறாவது வரைவதற்குள் கரி தீர்ந்துவிட்டது" என்றான்.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.